ஊர்க்கணக்கு ஊரார் முன்

நுழையுமுன்

கடைக்குச் சென்று திரும்பியதும் அம்மா மீதிச் சில்லறையை எண்ணிப் பார்ப்பார். நம்மீது ஐயம் கொண்டு அவர் எண்ணுவதில்லை. பணம் குடும்பத்தார் அனைவர்க்கும் உரியது, ஆதலின் எண்ணுகிறார். ஊரின் பொதுப்பணத்தை யார் எண்ணிப் பார்ப்பது? இப்பாடத்தில் அறிவோம்.

பாடம்

மாதேஸ்வரன் மலை, தமிழக எல்லையை ஒட்டிய கர்நாடக மலையூர். மேட்டூர் வழியாக வருவோர் பாலாற்றைக் கடந்து மலைப்பாதையில் ஏறுவர். இம்மலை அடங்கிய கொள்ளேகால் பகுதி 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பின்னர் மைசூரு மாவட்டத்தில் சேர்ந்தது. 1997இல் சாமராசநகர் மாவட்டத்திற்கு உரியதாயிற்று. எல்லைகள் மாறினும் தமிழும் கன்னடமும் இங்கு அருகருகே வாழ்கின்றன. வீட்டுவரியையும் குடிநீர்க் கட்டணத்தையும் இருமொழியினரும் செலுத்துகின்றனர்.

அப்பணம் தெருவிளக்காகவும் குடிநீர்க் குழாயாகவும் கழிவுநீர்க் கால்வாயாகவும் நம்மிடம் திரும்பி வரவேண்டும். அரசு பஞ்சாயத்துக்கு வழங்கும் நிதியும் மக்களின் வரிப்பணமே. ஒரு சோப்புக்கட்டி வாங்கும் சிறுவனும் அவ்வரியில் பங்கு கொள்கிறான்.

செலவைத் தீர்மானிப்பதில் மக்களுக்கும் இடம் உண்டு. 73ஆம் அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர் என்று அது கூறுகிறது. கர்நாடகத்தில் முதலில் வார்டு சபை கூடும். எந்தத் தெருவுக்கு எந்தப் பணி முதலில் வேண்டும் என்பதை மக்கள் அங்கே எடுத்துரைப்பர். பின்னர்க் கிராம சபை கூடும்.

ஆண்டுதோறும் 'ஜமாபந்தி'யும் நடைபெறும். தமிழ்நாட்டில் இச்சொல் வருவாய்த்துறையின் நிலவரிக் கணக்குத் தணிக்கையைக் குறிக்கும். கர்நாடகத்திலோ, பஞ்சாயத்தின் கணக்கேடுகளையும் முடிந்த பணிகளையும் மக்கள் முன்னிலையில் சரிபார்ப்பதையும் குறிக்கும்.

ஒரு தெருவில் 100 மீட்டர் கால்வாய் கட்டியதாக ஏட்டில் உள்ளது எனக் கொள்வோம். ஊரார் நாடா பிடித்து அளக்கின்றனர். 80 மீட்டரே உள்ளது. எஞ்சிய 20 மீட்டருக்கான தொகை எங்கே? பாறை குறுக்கிட்டதால் பணி நின்றிருக்கலாம். தொகையும் கணக்கில் மீதியாக இருக்கலாம். தவறு நிகழ்ந்திருக்கவும் கூடும். கேட்டால் அன்றி உண்மை புலப்படாது. ஆகவே கேட்பவர் பணிவோடும் சான்றோடும் கேட்கவேண்டும். பொறுப்பில் உள்ளவர் சினமின்றி விடைகூற வேண்டும்.

இவ்வழக்கம் நமக்குப் புதிதன்று. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) உள்ளன. முன்னர்ப் பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் ஊர் வாரியங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்படலாகாது என அவை விதிக்கின்றன. அன்று வரி செலுத்தும் நிலமுடையோர்க்கே அப்பொறுப்பு கிட்டியது. இன்று நிலமில்லாத கூலித்தொழிலாளியும் சபையில் எழுந்து வினவலாம்.

இராஜஸ்தானத்தின் கோட் கிரானா என்னும் சிற்றூரில் 1994 டிசம்பரில் மக்கள் கூடினர். அரசுப் பணிகளின் கூலிப் பட்டியல்கள் அங்கே உரக்கப் படிக்கப்பட்டன. ஏட்டில் எழுதியிருந்ததற்கு மாறாகத் தாம் கண்டதை ஊரார் எழுந்து உரைத்தனர். "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்பது அவ்வியக்கத்தின் முழக்கம். அத்தகைய போராட்டங்களின் பயனாக 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிறந்தது. பத்து ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பித்தால் பொதுவாக 30 நாள்களுக்குள் அலுவலகம் விடை தரவேண்டும்.

இவ்வுரிமை இருந்தும் தமிழ்ப் பெற்றோர் சிலர் சபைக்குச் செல்லத் தயங்குகின்றனர். அறிவிப்பு கன்னடத்தில் இருக்கும். எழுந்து பேசினால் பிறர் நகைப்பரோ என்னும் அச்சமும் இருக்கும். சட்டம் ஒருவரது தாய்மொழி எது எனக் கேட்பதில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் உண்டா என்றே பார்க்கிறது. ஆகவே, மாணவர்களே, வகுப்பிலும் தெருவிலும் கன்னடம் கற்கும் நீங்கள் அறிவிப்புப் பலகையைப் படித்து உங்கள் பாட்டிக்குத் தமிழில் சொல்லலாம். பாட்டி தமிழில் கேட்கும் கேள்வியைக் கன்னடத்தில் எழுதித் தரலாம். இருமொழி அறிந்த பிள்ளை, வீட்டுக்கும் ஊருக்கும் இடையே ஒரு பாலம்.

சிறுவர்க்கெனவே 'மக்கள கிராம சபை'யும் கர்நாடகத்தில் நடைபெறுகிறது. கன்னடத்தில் 'மக்களு' என்றால் குழந்தைகள். தமிழிலும் 'மக்கள்' என்பதற்குப் பிள்ளைகள் என்னும் பொருள் உண்டு. 'மக்கட்பேறு' என்னும் சொல்லை நினைவுகூர்க. பள்ளிக் கழிப்பறைக்குத் தண்ணீர் வராவிட்டால் அச்சபையில் நீங்களே எழுந்து கேட்கலாம்.

சொற்பொருள்

ஐயம் – சந்தேகம்
தணிக்கை – கணக்கைச் சரிபார்த்தல்
வாரியம் – பணிக்குழு
வினவுதல் – கேட்டல்
நகைப்பர் – சிரிப்பர்

பயிற்சி

1. பிரித்து எழுதுக: கணக்கேடு, வீட்டுவரி, பொதுப்பணம்.
2. 'ஜமாபந்தி' என்னும் சொல் இரு மாநிலங்களிலும் எவ்வாறு பொருள்படுகிறது?
3. உத்திரமேரூர் விதிக்கும் இன்றைய கிராம சபைக்கும் உள்ள ஓர் ஒற்றுமையையும் ஒரு வேற்றுமையையும் எழுதுக.
4. கேள்வி கேட்பவர் சான்றோடு கேட்கவேண்டும் என்பது ஏன்? ஐந்து வரிகளில் எழுதுக.
5. செயல்பாடு: உங்கள் பஞ்சாயத்து அறிவிப்புப் பலகையில் உள்ள ஒரு பணியின் பெயரையும் தொகையையும் குறித்து வருக. பெரியவர் ஒருவருடன் சென்று அப்பணியைப் பார்த்து, கண்டதைத் தமிழில் எழுதுக.