வலியைத் தடுக்கும் ஊசி

வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களைக் காணச் செல்லும்போது, "வலியைப் பொறுத்துக்கொள்ளுங்கள், இரண்டு நாளில் சரியாகிவிடும்" என்று ஆறுதல் கூறுவது நம் வழக்கம். சென்ற ஆண்டு என் தாயாருக்குக் கருப்பை அகற்றப்பட்டபோது நானும் அதையே கூறினேன். இருமலை அடக்கிக்கொண்டு, மூச்சையும் பாதி பாதியாக இழுத்தபடி அவர் படுத்திருந்தார். அதைப் பொறுமை என்றே எண்ணினேன். உடலியங்கியல் நூலைப் படித்த பின்னரே அதிலிருந்த அபாயம் விளங்கிற்று.

ஆழ்ந்து மூச்சிழுக்காவிட்டால் நுரையீரலின் அடிப்பகுதியிலுள்ள காற்றறைகள் சுருங்குகின்றன. இருமாவிட்டால் சளி தேங்கி நிமோனியாவுக்கு வழிவிடுகிறது. மார்ஃபின் கொடுத்தால் என்ன எனலாம். வலி அடங்கும்; ஆனால் அளவு மிகுந்தால் மூச்சும் அடங்கும். குமட்டலும் மலச்சிக்கலும் வேறு. இவ்விக்கட்டைக் குறைக்க உதவுவதே நரம்புத் தடை.

வயிற்றின் பக்கச் சுவரில் வெளிச் சாய்தசை, உட்சாய்தசை, குறுக்குத்தசை என மூன்று தசைத் தகடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்துள்ளன. கீழ் மார்பு நரம்புகளும் முதல் இடுப்பு நரம்பும் முதுகுத் தண்டிலிருந்து புறப்பட்டு, கடைசி இரு தகடுகளுக்கும் இடையே முன்னோக்கி வருகின்றன. தையலிட்ட இடத்தின் வலியைக் கொண்டு செல்பவை இவையே. அந்த மெல்லிய இடைவெளியில் மருந்தைப் பரப்பினால் பல நரம்புகளை ஒருங்கே மரக்கச் செய்யலாம்.

2001இல் ராஃபி என்ற மருத்துவர் இம்முறையை விவரித்தபோது, இடுப்பெலும்பின் விளிம்புக்கு மேலுள்ள பெத்தி முக்கோணத்தில் ஊசியைச் செலுத்தி, சவ்வு துளைபடுவதைக் கையுணர்வாலேயே அறிய வேண்டியிருந்தது. 2007இல் அல்ட்ராசவுண்ட் துணைகொண்டு செய்யும் முறை வெளியாயிற்று. இன்று ஊசி முனையையும், மருந்து தசைகளைப் பிரித்துப் பரவுவதையும் திரையில் கண்டே செய்கின்றனர்.

நரம்பில் செய்தி ஓடுவது சோடியம் அயனிகள் உட்புகுவதால் என்று வகுப்பில் படித்தோம். புபிவாகெயின் என்ற மருந்து நரம்பிழைக்குள் நுழைந்து, சோடியம் வாயில்களை உட்புறமிருந்து அடைத்துவிடுகிறது. தேர்வுக்காக மனப்பாடம் செய்த பாடம் நோயாளியின் கட்டிலருகே வந்து நின்றது எனக்கு வியப்பாயிருந்தது.

ஆனால் இது முழு விடுதலையன்று. சுவரின் வலி தணியுமே தவிர, உள்ளுறுப்புகளின் வலி வேறு நரம்புப் பாதையில் செல்வதால் அது நீடிக்கும். ஆகவே பாராசிட்டமால் போன்றவையும் தேவை. ஒரு முறை போட்ட ஊசியின் பயன் சில மணி நேரமே. தண்டுவடத்தில் மார்ஃபின் செலுத்திச் சிசேரியன் செய்தவர்களுக்கு இதனால் கூடுதல் பயன் அதிகமில்லை. மருந்து மிகுதியாக இரத்தத்தில் கலந்தால் வலிப்பு வரலாம், இதயமும் நிற்கலாம். எனவே உடல் எடைக்கேற்ப அளவைக் கணக்கிட்டு, மாற்று மருந்தாக 20 சதவீதக் கொழுப்புக் குழம்பையும் ஆயத்தமாக வைத்திருப்பர்.

என் தாயாருக்கு இது பொருந்தியிருக்குமா என்பதை மருத்துவரே கூற முடியும். "வலிக்கு என்ன செய்வீர்கள், டாக்டர்?" என்று அறுவைக்கு முன் கேட்க அம்மாவுக்குக் கூச்சம். கேட்கலாம் என்பதே எனக்கு அன்று தெரியாது.