குளிர்காலத்தில் மோட்டார் சைக்கிள்

பெட்ரோலினால் ஓடிய முதல் மோட்டார் சைக்கிள், 1885-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், ஜெர்மனி தேசத்துக் கான்ஸ்டாட் நகரில் ஓட்டிப் பார்க்கப்பட்டது. அதனை அமைத்தவர் காட்லீப் டைம்லர் என்பார். மரச்சட்டத்தினாலாகிய அவ்வண்டியின் இருக்கைக்கு நேர் கீழே, எரிபொருளைப் பற்றவைக்கும் பழுக்கக் காய்ந்த குழாய் வைக்கப்பட்டிருந்தமையால், ஓடிக்கொண்டிருக்கும்போதே இருக்கை தீப்பற்றியதென்று கூறுவர். நவம்பர்க் குளிரில் வண்டியே தன்மேல் அமர்ந்தவருக்குக் கணப்பு மூட்டிய அந்தப் பாக்கியம், பின்வந்த ஓட்டுநர் எவருக்கும் கிட்டவில்லை. குளிரைத் தாமே சமாளித்துக்கொள்ளும் பொறுப்பு அவரவர்க்கே உரியதாயிற்று.

இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவது பந்தயக்காரர் விஷயமன்று. பனிச்சிகரங்களை நாடிச் சாகசப் பிரயாணம் செய்வோர் விஷயமும் அன்று. குளிராயினும் மழையாயினும் நாள்தோறும் விடியுமுன் வண்டியை எடுத்தே தீரவேண்டிய சாதாரண மக்களின் விஷயமேயாம். இதற்கு நாம் நெடுந்தூரம் போகவேண்டுவதில்லை. கடல் மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில், நவம்பர் முதல் பிப்ரவரி வரையில், வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவுகளில் உறைபனி படிகின்றது. தலைக்குந்தாவின் புல்வெளிகள் உப்பைப் பரப்பினாற்போல் வெளுத்துக் கிடக்கும். அவ்வேளையிலும் பால்காரர் பாற்கேனைக் கட்டிக்கொண்டு புறப்படுகின்றார்; தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்தவர் வீடு திரும்புகின்றார்; ஆஸ்பத்திரித் தாதி காலை வேலைக்குச் செல்கின்றார். நம் பழைய மாணவருள் மலையில் உத்தியோகம் ஏற்றவர் சிலர் இவ்வழக்கத்தை நன்கறிவர். விடுமுறையில் ஒரு மெல்லிய சட்டையோடு மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறத் துணியும் மாணவரோ அறியார். அவர்பொருட்டே இதனை விரித்து எழுதுகின்றோம்.

குளிர் யந்திரத்தையும் மனிதனையும் ஒரே விதமாகத் தாக்குவதில்லை. யந்திரத்தை அது நிற்கும்போது தாக்குகின்றது. மனிதனை அவன் ஓட்டும்போது தாக்குகின்றது. இவ்வேற்றுமையை மனத்திற் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். இராமுழுதும் வெளியில் நின்ற வண்டியின் எண்ணெயும் பாட்டரியும் பெட்ரோலும் சுற்றுப்புறத்தின் குளிரையே தாமும் அடைந்துவிடுகின்றன. ஆனால் ஒரு முறை யந்திரம் கிளம்பிவிட்டால் அது தன் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும்; சில நிமிஷங்களில் குளிரின் ஆதிக்கம் நீங்கிவிடும். ஓட்டுபவன் நிலையோ இதற்கு நேர்மாறானது. புறப்படும்போது அவன் வீட்டின் வெப்பத்தை உடம்பில் ஏந்தி வருகின்றான். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அதில் சிறிது சிறிதாய் இழக்கின்றான்.

யந்திரத்தின் காரியத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். குளிர்ந்த எண்ணெய் தடித்துப் போவதால் யந்திரத்தைச் சுழற்றுவதற்கு அதிக சக்தி வேண்டியிருக்கின்றது. அதே சமயத்தில், ஈயத் தகடுகளும் கந்தகத் திராவகமும் கொண்ட பாட்டரி, பூஜ்ய டிகிரி செல்சியஸில் தன் கொள்ளளவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கையே கொடுக்கவல்லது. செலவு மிகும் நாளிலேயே வரவு குறைகின்றது. வயதான பாட்டரிகள் பிற காலமெல்லாம் தம் பலவீனத்தை மறைத்து வைத்திருந்து, டிசம்பர் மாதத்து விடியற்காலையில் வெளிப்படுத்துவதன் காரணம் இதுவே. ஆதலின் குளிர்காலம் பிறக்குமுன்பே பாட்டரியைப் பரிசோதித்து வைப்பது நலம். முற்காலத்து வண்டிகளில் கிக்கர் என்னும் உதை நெம்பு தவறாது இருந்தது. தற்காலத்து வண்டிகள் பலவற்றில் அதனை நீக்கிவிட்டனர். அழகு கருதியோ, செலவு கருதியோ, மலைநாட்டானைக் கேளாமற் செய்த காரியம் இதுவென்பது நம் கருத்து.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. குப்பியின்மேல் 10 டபிள்யூ 30 என்றும் 20 டபிள்யூ 50 என்றும் அச்சிட்டிருப்பர். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தாம். அதற்கு முன்னுள்ள எண் சிறிதாயின் எண்ணெய் குளிரிலும் இளகி ஓடும். வண்டியின் கைப்புத்தகம் இரண்டையும் அனுமதிக்குமாயின், மலையிலிருப்போர் சிறிய எண்ணையே தேர்க.

யந்திரம் கிளம்பியவுடன் பத்து நிமிஷம் நின்றபடியே ஓடவிட்டு உறுமச்செய்யும் வழக்கம் பலரிடம் உண்டு. அண்டை வீட்டார் உறக்கம் கெடுவதைத் தவிர இதனால் விளையும் பயன் சொற்பம். குளிர்ந்த யந்திரத்திற்கு அதிகப் பெட்ரோல் ஊட்டப்படுகின்றது. பழைய வண்டிகளில் அதனைச் செய்வது சோக். 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் வந்த புது வண்டிகளில் பெரும்பாலும் எரிபொருளைத் தெளிக்கும் கருவியே யந்திரத்தின் வெப்பத்தை அறிந்து தானாக அதனைச் செய்துவிடும். இவ்வாறு மிகுதியாகச் செல்லும் பெட்ரோலின் ஒரு பகுதி எரியாது உருளையின் சுவரில் வடிந்து, அங்குள்ள எண்ணெய்ப் பூச்சைக் கழுவிவிடும். ஆகவே அரை நிமிஷம், மிஞ்சினால் ஒரு நிமிஷம் பொறுத்து, பிறகு இரண்டு மூன்று கிலோமீட்டர் வரையில் மெதுவாய் ஓட்டிச்செல்வதே யந்திரத்தைச் சூடாக்கும் நல்ல முறை. அதற்கு முன்பே ஆக்ஸிலேட்டரை ஒரு முறை முறுக்கி விட்டுப் பார்த்தல் வேண்டும். கேபிளுக்குள் ஈரம் புகுந்து உறைந்திருப்பின் அது திரும்பி வாராது நின்றுவிடும். இதனை வீட்டு வாசலில் அறிந்துகொள்வதற்கும், முதற் கொண்டையூசி வளைவில் அறிந்துகொள்வதற்கும் உள்ள வேற்றுமை பெரிது.

பலரும் கருதாத பகை ஒன்று நீர். பெட்ரோல் எரியும்போது புகை மட்டுமன்று, நீரும் பிறக்கின்றது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 900 கிராம் நீர் ஆவியாக உண்டாகின்றது. யந்திரமும் சைலன்ஸரும் நன்கு காய்ந்திருந்தால் அது ஆவியாகவே வெளியேறிவிடும். காயாத நிலையில் உட்சுவரிற் படிந்து நீராகித் தங்கும். கடைவீதிவரை இரண்டு கிலோமீட்டர் போய், திரும்பி இரண்டு கிலோமீட்டர் வந்து, வண்டியை நிறுத்திவிடுபவர் ஒவ்வொரு நாளும் இந்நீரைச் சேமித்து வைக்கின்றார். எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்தால், அதன் உட்புறத்தில் மோர்க்கழிவு போன்ற வெண்ணிறப் பசை ஒட்டியிருக்கக் காணலாம். யந்திரம் பழுதாயிற்று என்று பட்டறைக்கு ஓடவேண்டுவதில்லை. நீரும் எண்ணெயும் கலந்த கலவையே அது. வாரத்திற்கு ஒரு முறையேனும் அரை மணி நேரம் இடைவிடாது ஓட்டினால் பெரும்பாலும் உலர்ந்துவிடும். அங்ஙனம் செய்யாதவரின் சைலன்ஸர் உள்ளிருந்தே துருப்பிடித்து ஓட்டையாகும். பெட்ரோல் தொட்டியையும் பாதியாக வைத்து இரவில் நிறுத்தலாகாது. வெற்றிடத்திலுள்ள காற்றின் ஈரம் குளிரில் உட்சுவரிற் படியும். நம் தேசத்துப் பெட்ரோலில் இப்போது 20 விழுக்காடு வரை கலந்துவரும் எத்தனாலோ ஈரத்தை விரும்பி உறிஞ்சும் இயல்புடையது.

கார்புரேட்டர் உள்ள பழைய வண்டி வைத்திருப்போர் மற்றொரு விசித்திரத்தையும் காண்பர். மூடுபனி நிறைந்த காலையில் வண்டி நன்றாக ஓடிக்கொண்டேயிருந்து, திடீரெனத் திணறி நின்றுவிடும். பிளக்கைக் கழற்றித் துடைத்து, ஒன்றும் காணாமல் வருந்திப் பத்து நிமிஷம் கழித்து உதைத்தால், ஒன்றுமே நிகழாதது போலக் கிளம்பும். பெட்ரோல் ஆவியாகும்போது தன்னைச் சூழ்ந்த காற்றின் வெப்பத்தைக் கவர்கின்றது. அதனால் வெளியே பத்து டிகிரி வெப்பம் இருப்பினும், கார்புரேட்டரின் கழுத்துக்குள்ளே காற்றின் ஈரம் பனிக்கட்டியாகி வழியை அடைத்துவிடும். நின்ற யந்திரத்தின் சூடு மெல்ல ஏறி அக்கட்டியை உருக்கும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் குற்றம் அகப்படாத நோய் இது. அங்கே போய்ச் சேர்வதற்குள் சாட்சியம் கரைந்திருக்கும்!

டயரின் காற்றைப் பற்றி ஒரு வேடிக்கையான கணக்கு உண்டு. மேட்டுப்பாளையத்தில் 25 டிகிரி வெப்பத்தில் 30 பவுண்டு காற்றடித்து, ஐந்து டிகிரிக் குளிரிலிருக்கும் உதகைக்கு வந்தால், குளிரினால் ஏறத்தாழ மூன்று பவுண்டு குறையவேண்டும். மலையுச்சியில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவாதலால், அளவுகருவி ஏறத்தாழ மூன்று பவுண்டு கூட்டிக் காட்டவேண்டும். ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன! உதகையிலேயே இருப்பவருக்கு இச்சலுகை இல்லை. பிற்பகல் வெயிலில் அடித்த காற்று மறுநாள் விடியலில் இரண்டு மூன்று பவுண்டு குறைந்தே நிற்கும். ஆகையால் காலைக் குளிரிலேயே அளந்து அடித்தல் முறை.

இனி ஓட்டுபவனுக்கு வருவோம். அமெரிக்கராகிய பால் சைப்பிள், சார்லஸ் பாஸெல் என்னும் இருவர், தென்துருவப் பிரதேசத்தில் நீர் நிறைத்த உருளையைக் காற்றில் தொங்கவிட்டு, அது உறைவதற்கு எவ்வளவு நேரமாகின்றதென்று அளந்து, காற்றின் வேகத்திற்கும் குளிருக்கும் உள்ள தொடர்பை 1945-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 2001-ஆம் ஆண்டில் கனடாவும் அமெரிக்காவும் அக்கணக்கைத் திருத்தியமைத்தன. அத்திருத்தத்தின்படி, ஐந்து டிகிரிக் காற்றில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவனுடைய வெற்றுத் தோல், பூஜ்யத்திற்கும் ஒரு டிகிரி கீழான குளிரை உணரும். காற்றே பூஜ்ய டிகிரியாயின், உணர்வு பூஜ்யத்திற்கு ஏழு டிகிரி கீழே போய்விடும். காற்று வேகத்தினால் இரும்பு தன்னைச் சூழ்ந்த காற்றைவிடக் குளிர்ந்துவிடாது, வெப்பமுள்ள உடம்பு தன் வெப்பத்தை விரைவில் பறிகொடுக்கும், அவ்வளவே. வேகத்தைக் குறைப்பதே செலவில்லாத கம்பளி என்பது இதனாற் பெறப்படும்.

உடம்பு குளிர்ந்தவுடன், இருதயம் முதலிய உள்ளுறுப்புகளைக் காக்கும்பொருட்டு, கைகால்களுக்குச் செல்லும் இரத்தம் சுருக்கப்படுகின்றது. விரல்களின் தோல் 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அவற்றின் திறமை வெகுவாகக் குறைகின்றது. பிரேக்கையும் கிளச்சையும் பிடிப்பவை அவ்விரல்களே அன்றோ? மணிக்கு 40 கிலோமீட்டர் வேகமென்பது விநாடிக்கு 11 மீட்டர். மரத்துப்போன விரல் அரை விநாடி தாமதித்துப் பிரேக்கை அழுத்தினால், வண்டி ஐந்தரை மீட்டர் கூடுதலாகச் சென்றிருக்கும். வளைவில் எதிரே பஸ் வரும்போது ஐந்தரை மீட்டர் என்பது உயிருக்கும் மரணத்திற்கும் இடைப்பட்ட தூரம். இதிலும் கொடியது, மரத்தவனுக்குத் தான் மரத்திருப்பது தெரியாமையே. வலி நின்றவுடன் குளிர் பழகிவிட்டதென்று மகிழ்கின்றான். பெருவிரலால் சுண்டுவிரலைத் தொட்டுப் பார்க்கவேண்டும். எளிதில் தொட இயலாவிடின், அடுத்த டீக்கடையில் இறங்கிவிடவேண்டும். போகவேண்டிய காரியம் எதுவாயினும் சரியே.

விரலைக் காக்க உறை மட்டும் போதாது. மார்பும் கழுத்தும் வெப்பமாயிருந்தாலன்றி இரத்தம் விரலுக்கு வாராது. காற்றுப் புகாத மேற்சட்டை ஒன்றும், அதற்குள் தளர்ந்த கம்பளிச் சட்டையும், ஒரே கனத்த கோட்டைவிட மேலானவை. இரண்டிற்கும் இடையே நிற்கும் காற்றே உண்மையான போர்வை. வழியில் அகப்பட்டுக்கொண்டவர் செய்தித்தாளை மடித்து மார்புச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளலாம். பழைய விடைத்தாள்களும் இதற்கு உதவும். வேறு எதற்கும் அவை உதவியதாக நாம் கண்டதில்லை. கையுறை நெம்பின் உணர்ச்சியை மறைக்குமளவு தடித்திருத்தல் ஆகாது. மலையில் பலர் கைப்பிடியின்மேல் ரெக்ஸின் உறை மாட்டி, மெல்லிய கையுறையோடு ஓட்டுவதே சிறந்த ஏற்பாடு. சால்வையையும் கழுத்துத் துணியையும் நுனி தொங்கவிடாமல் சட்டைக்குள் செருகுதல் வேண்டும். அவை செயினிலோ சக்கரத்திலோ சிக்கினால் விபரீதமாம். தலைக்கவசத்தின் கண்ணாடியில் மூச்சுப் படிந்து மறைக்குமாயின், உட்புறத்தில் உலர்ந்த சோப்பை இலேசாகத் தேய்த்து மெல்லிய துணியால் துடைத்துவிட்டால் தெளிவாயிருக்கும். குளிருக்கு மது நல்லதென்று சொல்வோர் பேச்சைக் கேட்கலாகாது. அது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து உள்வெப்பத்தை வெளியேற்றிவிட்டு, வெப்பம் வந்ததென்ற பொய்யுணர்ச்சியை மட்டும் தரும். அறிவை மயக்குவது வேறு.

சாலையைக் குறித்து அதிகம் சொல்லவேண்டுவதில்லை. வெயில் ஏறியபின்னும் கற்பூரத்தைல மரங்களின் நிழலிலும், பாறையிலிருந்து நீர் கசியும் வளைவிலும், சிறு பாலங்களின்மேலும் பனி உருகாது வழுக்கலாய் நிற்கும். அங்கே பிரேக்கைத் தொடாது, முன்பே வேகத்தைத் தணித்து, வண்டியை நிமிர்த்திச் செல்க. மூடுபனியில் விளக்கைத் தாழ்த்துக; உயர்த்திய ஒளி நீர்த்துளிகளிற்பட்டு நம் கண்ணிலேயே திரும்பி விழும்.

வீடு சேர்ந்தபின், சூடான வண்டியின்மேல் உடனே படுதாவைப் போர்த்தலாகாது. உள்ளே ஆவி அடைபட்டு இராமுழுதும் இரும்பின்மேல் வேர்க்கும். செயினுக்கு எண்ணெய் விட அதுவே தக்க வேளை; சூடாயிருக்கும்போது கண்ணிகளுக்குள் இறங்கும். கைகால் கழுவி உணவருந்தி வருவதற்குள் வண்டி ஆறியிருக்கும். அப்போது படுதாவைப் போர்த்தி, அடியில் சிறிது காற்றோட்டத்திற்கு இடம் விட்டுக் கட்டிவிடலாம்.