காவிரி கடலோடு கலக்கும் பூம்புகார்

நாம் முகத்துவாரம் என்று அழைக்கும் ஆற்றுவாயைப் பழந்தமிழர் ‘புகார்’ என்றனர். காவிரியின் புகாரே கண்ணகித் தாய் பிறந்த பூம்புகார். தமிழகத்தின் மயிலாடுதுறை மாவட்டத்திலுள்ள அவ்வூரை மேற்கிலிருந்து கடல் நோக்கி நடந்து தரிசிப்போம்.

திருச்சாய்க்காடு

முதலில் வருவது சாயாவனம் எனப்படும் திருச்சாய்க்காடு. சாய் என்பது ஈரநிலத்தில் வளரும் ஒருவகைக் கோரை. அப்புல்லே தலத்துக்குப் பெயராயிற்று. அடியார் கேட்டதை இல்லை என்னாது வழங்கிய இயற்பகை நாயனாரின் வரலாறு இத்தலத்தோடு பிணைந்தது.

பல்லவனீச்சரம்

அடுத்தது திருஞானசம்பந்தர் பாடிய பல்லவனீச்சரம். பட்டினத்தார் பிறந்த ஊரும் இதுவே. இதன் அயலில் நிகழ்ந்த அகழாய்வில் பௌத்த விகாரையின் அடித்தளமும் புத்தர் பாதக்கல்லும் வெளிப்பட்டன. பல சமயத்தாரும் கூடி வாழ்ந்த துறைமுகம் என்பதற்கு இவை சான்று. கீழையூரில் கண்டெடுக்கப்பட்ட செங்கற் படகுத்துறை ஏறத்தாழ 2,300 ஆண்டுகள் பழைமையானது.

சங்கமுகம்

இப்போது கடற்கரையில் நிற்கிறோம். பெரிய மரக்கலங்கள் பாய் இறக்காமலே இவ்வாற்றுவாயினுள் புகுந்தன என்கிறது புறநானூறு. இன்றோ காவிரி இங்கே ஒரு சிற்றாறு. மேலே கொள்ளிடம் பிரிந்து செல்கிறது. மிகுதி நீரை வயல்கள் கொள்கின்றன. ஆற்றின் விசை குறைந்தால் அலை கொணரும் மணல் வாயை அடைக்கும். கோடையில் மட்டக்களப்பு முகத்துவாரம் அடைபடுவதைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். நன்னீரும் உவர்நீரும் கலந்தால்தான் இறாலும் மீன்குஞ்சும் செழிக்கும். ஆகவே ஆற்றுநீர் கடலைச் சேர்வது வீணன்று.

இந்திரவிழாவை மறந்ததால் நகரைக் கடல் கொண்டது என்கிறது மணிமேகலை. 26.12.2004 அன்று எழுந்த ஆழிப்பேரலை இக்கரையையும் நம் கரையையும் ஒரே நாளில் தாக்கியது. கடலின் வலிமையை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாடமாளிகைகள் மறைந்தன, அந்நகர் பெற்ற மகளோ மறையவில்லை. வைகாசியில் வற்றாப்பளையில் பொங்கல் பொங்குகிறது. மட்டக்களப்பில் கண்ணகி வழக்குரை பாடப்படுகிறது. ஊர் அழிந்தாலும் வழிபாடு ஊரைக் காக்கும் என்பதே இந்நடை தரும் பாடம்.

ஆடிப்பெருக்கில் காவிரியைத் தாயாகத் தொழுவர் அம்மக்கள். நாமும் தீர்த்தமாடச் செல்லும்போது பழந்துணியையும் பொலித்தீன் பையையும் நீரில் விடாதிருப்போம். தீர்த்தத்தைத் தூய்மையாக வைத்திருப்பதும் அம்மனுக்குச் செய்யும் பூசையே.