படம் பார்த்துப் படிக்கும் பிள்ளையும் நீருக்கடியில் உள்ள ஊரும்



"எங்க புள்ளைக்குக் காதால கேட்டா ஒண்ணும் ஏறாது, படத்தப் பார்த்தாத்தான் வெளங்கும்" என்று தாய்மார் பலர் சொல்வதுண்டு. பாடசாலைகளிலும் இப்பேச்சு உண்டு. சில பிள்ளைகள் கண்ணால் கற்பவர்கள், சிலர் காதால் கற்பவர்கள், சிலர் கையால் செய்து கற்பவர்கள் என்று பிரித்துக் கூறுவார்கள். நியூசிலாந்தைச் சேர்ந்த நீல் பிளெமிங் என்பவர் 1992இல் வெளியிட்ட வினாக்கொத்து ஒன்றினால் இப்பிரிவு உலகெங்கும் பரவியது. இது எவ்வளவு தூரம் உண்மை, நம் பிள்ளைகளுக்கு இதில் எடுத்துக்கொள்ளத்தக்கது என்ன என்பதே இப்பாடம்.

2008இல் அமெரிக்க உளவியலாளர் நால்வர் இதுபற்றி வெளிவந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். கண்ணால் கற்கும் பிள்ளைக்குப் படத்தாலும், காதால் கற்கும் பிள்ளைக்குப் பேச்சாலும் கற்பித்தால் இருவரும் கூடுதலாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்பது அவர்களுடைய முடிவு. பிள்ளைகளுக்கு விருப்பு வெறுப்பு இல்லை என்று இதற்குப் பொருளல்ல. படம் எல்லாப் பிள்ளைகளுக்கும் உதவுகிறது என்பதே விஷயம். கனடா நாட்டு உளவியலாளர் அலன் பைவியோ 1971இலேயே இதற்குக் காரணம் காட்டினார். ஒரு பொருளைச் சொல்லாகவும் உருவமாகவும் சேர்த்து மனத்தில் பதித்தால், நினைவு கூர இரண்டு வழிகள் கிடைக்கின்றன. ஒரு வழி மறந்தாலும் மற்ற வழி இருக்கும்.

ஆகவே, "இவன் படம் பார்த்துப் படிக்கிறவன், வாசிப்பு வராது" என்று ஒரு பிள்ளையின் நெற்றியில் முத்திரை குத்துவது பெரும் தீங்கு. இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இது இன்னும் பெரிய தீங்கு எனலாம். நம் கைக்கு வரும் காணிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அதில் எழுத்தும் உண்டு, நில அளவையாளர் வரைந்த படமும் உண்டு. வடக்கே யாருடைய காணி, தெற்கே எந்த ஓடை, பரப்பு எத்தனை பேர்ச்சஸ் என்பதை அறிய இரண்டையும் வாசிக்கத் தெரிய வேண்டும். ஒன்று மட்டும் தெரிந்தவனுக்குப் பக்கத்து வீட்டாரின் தயவு தேவைப்படும்.

படத்தைப் பாடப் புத்தகத்தில் சேர்த்த முன்னோடி ஓர் அகதி என்பதை இங்கு சொல்ல வேண்டும். மொராவியாவில் 1592இல் பிறந்த கொமேனியஸ் ஒரு சிறு சபையின் ஆயர். மதப் போரினால் தாய்நாட்டை விட்டு ஓடியவர். அடைக்கலம் பெற்ற லெஸ்னோ நகரம் 1656இல் எரிந்தபோது, அவர் பல ஆண்டுகள் எழுதி வைத்திருந்த கையெழுத்துப் பிரதிகளும் எரிந்தன. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1658இல், சுமார் 150 படங்கள் கொண்ட சிறுவர் நூலொன்றை வெளியிட்டார். அதில் ஒவ்வொரு படத்திலும் உள்ள பொருட்களுக்கு இலக்கம் இட்டிருந்தார். அதே இலக்கம் கீழே உள்ள சொல்லுக்கும் இருந்தது. பிள்ளை படத்தில் 3ஐப் பார்த்து, எழுத்தில் 3ஐத் தேடும். அலங்காரத்துக்காக வைத்த படமல்ல அது, சொல்லுக்கு அழைத்துச் செல்லும் படிக்கட்டு. நம் வகுப்பறைச் சுவர்களில் ஆண்டு முழுவதும் தொங்கி, பல்லிக்கு வீடாகும் வரைபடங்களுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

இனி, தெல்தெனியவில் நாம் என்ன செய்யலாம்?

துரித மகாவலித் திட்டத்தின் கீழ் 1978இல் தொடங்கி, 1985இல் திறந்துவைக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குள் பழைய தெல்தெனியப் பட்டினமும் தும்பறைப் பள்ளத்தாக்கின் வயல்களும் போயின. சுமார் 30,000 பேர் இடம்பெயர்ந்தார்கள். சிலர் மேட்டு நிலத்திலேயே தங்கினார்கள், பலர் தூரத்து மகாவலிக் குடியேற்றங்களுக்குப் போனார்கள். இன்று பாடசாலைக்குப் போகும் பிள்ளை அந்த ஊரைக் கண்டதில்லை. தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருக்கும், அவ்வளவுதான்.

அந்த ஊரைத் தரையில் வரையச் சொல்லுங்கள். முதலில் பெரியவர்கள் சொல்லட்டும், பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும். பிறகு முற்றத்தில் குச்சியால் ஆற்றைக் கீறி, வீட்டுக்கு ஒரு கல், வயலுக்கு வைக்கோல், மரத்துக்கு இலை என்று வைக்க வேண்டும். சூரியன் உதிக்கும் பக்கத்தை முதலில் குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் திரும்பிவிடும். கடை பாலத்துக்கு இப்பாலா அப்பாலா என்று இரண்டு தாத்தாமார் சண்டை பிடித்தால் மிக நல்லது, தடுக்க வேண்டாம். பிள்ளைகள் காது கொடுத்துக் கேட்பது அப்போதுதான்.

இதன்பின் தரைப்படத்தைத் தாளுக்கு மாற்றி, ஒவ்வொன்றுக்கும் இலக்கம் இட்டு, கீழே பெயர் எழுதவேண்டும். மூன்றாம் ஆண்டுப் பிள்ளை பெயரை மட்டும் எழுதலாம். எட்டாம் ஆண்டுப் பிள்ளை ஒவ்வொன்றைப் பற்றியும் இரண்டு வசனம் எழுதலாம். பல வகுப்புப் பிள்ளைகளை ஒரே கூரையின் கீழ் வைத்திருப்போருக்கு இது பெரிய வசதி. மறுநாள் படத்தை மறைத்து, எழுதியதை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். அதற்கடுத்த நாள் எழுத்தை மறைத்து, படத்தைப் பார்த்துக் கதை சொல்லச் சொல்லுங்கள். இந்த மறைக்கும் வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். படம் எப்போதும் கண்முன் இருந்தால் பிள்ளை எழுத்தைப் பாராமல் ஊகித்தே சொல்லிவிடும்.

கடும் வரட்சியில் நீர் இறங்கும்போது பழைய பட்டினத்தின் இடிபாடுகள் வெளியே தெரிவதுண்டு. அப்போது படத்தை எடுத்துப்போய்ச் சரி பார்க்கலாம். பெரியவர் துணையின்றி ஒரு பிள்ளையையும் விடாதீர்கள், சேறு ஆளை இழுக்கும்.

கணக்குக்கு அணைக்கட்டே போதும். அதன் உயரம் 122 மீற்றர், நீளம் 520 மீற்றர். 10 மீற்றருக்கு 1 சென்ரிமீற்றர் என்று வைத்தால் உயரம் 12.2 சென்ரிமீற்றர், நீளம் 52 சென்ரிமீற்றர். கொப்பித் தாளில் அடங்காது. பழைய கலண்டரின் பின்புறம் உதவும். அதே அளவில் 20 மீற்றர் தென்னை மரம் ஒன்றையும் பக்கத்தில் வரைந்தால் 2 சென்ரிமீற்றர்தான் வரும். அளவுத்திட்டம் என்றால் என்ன என்பதை இதைவிட எளிதாக விளக்க முடியாது. அது விளங்கிய பிள்ளை காணிப் படத்தையும் வாசிக்கும்.

இன்னொன்று. கரும்பலகையைப் பாராமல் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்தே எழுதும் பிள்ளையையும், கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் பிள்ளையையும் கவனியுங்கள். அவர்களுக்குத் தேவை கற்பித்தல் முறை அல்ல, கண் பரிசோதனையாக இருக்கலாம். முன்வரிசையில் இருத்தி, ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

மாதர் சங்கக் கூட்டங்களில் இதை வாசிப்போர் கலந்துரையாட இரண்டு கேள்விகள்: பழைய ஊரின் எந்த மூன்று இடங்களை உங்கள் பிள்ளை பெயர் சொல்லிக் காட்டும்? உங்கள் காணிப் படத்தில் வடக்கு எது என்று வீட்டில் யாருக்குத் தெரியும்?