தங்க வயலில் பொதுக் கல்வி

1902ஆம் ஆண்டில் காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து 92 மைல் நீளக் கம்பிகளின் வழியே மின்சாரம் கோலார் தங்க வயலை வந்தடைந்தது. பெங்களூர் நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்றாண்டுகள் கழித்தே. தொழிலுக்கு வேண்டியதை மைசூர் சமஸ்தானம் தங்க வயலுக்கு இத்துணை விரைவில் கொண்டு சேர்த்தது. பள்ளிக்கூடமும் அதே விரைவில் வந்து சேர்ந்ததா என்பது கர்நாடகத்தின் பொதுக் கல்வி வரலாற்றை ஆராய்வோர் கேட்க வேண்டிய கேள்வியாகும்.

இந்தியச் சமஸ்தானங்களுள் கல்வியில் முன்னோடி என்ற பெயர் மைசூருக்கு உண்டு. அது தகுதியான பெயரே. 1833இல் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் மைசூர் நகரில் இலவசப் பள்ளி ஒன்றை நிறுவினார். பின்னாளில் அதுவே மகாராஜா கல்லூரியாக வளர்ந்தது. 1857இல் கல்வித் துறை தோற்றுவிக்கப்பட்டது. மறு ஆண்டு பெங்களூரில் தொடங்கிய உயர்நிலைப் பள்ளி பின்னர் சென்ட்ரல் கல்லூரி ஆயிற்று. 1868 முதல், லூயி ரைஸ் வகுத்த திட்டப்படி, ஹோப்ளி எனப்படும் சிறு நிர்வாகப் பிரிவுதோறும் பள்ளிகள் திறக்கப்பட்டன. பெண் கல்விக்கு 1881இல் மகாராணி பள்ளி எழுந்தது.

விசுவேசுவரய்யா திவானாக இருந்த 1912–1918 காலத்தில் இம்முயற்சிகள் வேகம் பெற்றன. 1913இல் தொடக்கக் கல்வி ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது. கட்டாயக் கல்விக்கு அது வழிவகுத்ததேயன்றி, நாடு முழுவதற்கும் ஒரே நாளில் அதைக் கொண்டுவந்துவிடவில்லை. 1916 ஜூலை 27இல் மைசூர்ப் பல்கலைக் கழகம் தோன்றியது. அதுவரை சமஸ்தானத்து மாணவர்கள் சென்னைப் பல்கலைக் கழகத்தின் தேர்வுகளையே எழுதி வந்தனர். ஆங்கிலேயரின் நேரடி ஆட்சிக்கு வெளியே எழுந்த முதல் பல்கலைக் கழகம் இது. கட்டமஞ்சி ராமலிங்க ரெட்டி கல்வித் துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்த காலத்தில், தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொதுப் பள்ளிகளின் கதவுகளைத் திறந்துவிடும் நடவடிக்கை எடுக்கப்பட்டது. எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் செய்யப்பட்ட சீர்திருத்தம் அது.

சுரங்க லைன்களின் நிலை

தங்க வயலின் நிலையோ வேறு. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் பணியைத் தொடங்கிய பின், வட ஆர்க்காடு, சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் இங்கு வந்து குடியேறினர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழ் பேசும் தாழ்த்தப்பட்ட மக்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிலாளர் தொகை 30,000ஐத் தாண்டியிருந்தது. மூங்கில் தட்டிகளால் ஆன லைன் வீடுகளே அவர்களுக்குக் குடியிருப்பு. தங்கத்தின் மீதான ராயல்டி சமஸ்தானக் கருவூலத்திற்குப் பெரும் வரவாக இருந்தது. கணக்கேட்டில் தங்க வயல் வரவுப் பக்கத்தில் இடம்பெற்ற அளவுக்குச் செலவுப் பக்கத்தில் இடம்பெறவில்லை என்று கூறினால் அது மிகையாகாது.

குடியிருப்பும் மருத்துவமும் போலவே, கல்வியும் பெரும்பாலும் கம்பெனியின் ஆதரவையும் கிறிஸ்தவ சபைகளின் தொண்டையும் நம்பியிருந்தது. சாதியின் பெயரால் பள்ளிக் கதவு அடைக்கப்படுவது கிராமத்துச் சிக்கல். சுரங்க லைனில் சிக்கல் வேறு வகையானது. தந்தைக்குப் பின் மகனுக்குச் சுரங்கத்தில் வேலை என்ற வழக்கம் வேரூன்றியிருந்த இடத்தில், எட்டாம் வகுப்புக்கு மேல் படிப்பதால் விளையும் பயன் என்ன என்ற கேள்விக்கு விடை இல்லை. பொருளியல் நோக்கில் பெற்றோரின் கணக்கில் பிழை காண இயலாது.

ஆயினும் படிப்பின்மீது நாட்டம் இல்லை என்று முடிவு கட்டுவது தவறாகும். அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கக் கிளை 1907இல் மாரிக்குப்பத்தில் அமைந்தது. சாம்பியன் ரீஃபிலிருந்த சித்தார்த்தா புத்தகசாலை அவருடைய நூல்களை வெளியிட்டது. அவர் சென்னையில் நடத்திய ‘தமிழன்’ இதழ், 1926 முதல் சில ஆண்டுகள், ஜி. அப்பாதுரையாரின் ஆசிரியப் பொறுப்பில் தங்க வயலிலிருந்தே வெளிவந்தது. சுரங்கத்தில் பாறை உடைத்துவிட்டு மேலேறி வந்த மக்களிடையே ஓர் அச்சகமும் ஓர் இதழும் நிலைத்தன என்பது எளிதாகக் கடந்து செல்லத்தக்க செய்தி அன்று.

பல்கலைக் கழகம் வந்த வழி

விடுதலைக்குப் பின் 1956இல் சுரங்கங்களை மைசூர் அரசு ஏற்றது. 1962இல் அவை மத்திய அரசின் வசம் சென்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. 1964இல் பாரத் எர்த் மூவர்ஸ் தொழிற்சாலையும் பெங்களூர்ப் பல்கலைக் கழகமும் தோன்றின. உரிகத்தில் அமைந்த சுரங்கவியல் பள்ளி பட்டயப் படிப்பை அளித்தது.

1965இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், தரைக்குக் கீழே ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக் கழகத்தாரும் இணைந்து, வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோக்களின் அடையாளத்தைக் கண்டனர். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் இத்தகைய கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. இரு கண்டங்களின் பல்கலைக் கழகங்கள் இந்தச் சுரங்கத்தினுள் இறங்கின. அதைத் தோண்டியவரின் பிள்ளைகள் பட்ட மேற்படிப்புக்குப் பெங்களூருக்கு ரயில் ஏற வேண்டியிருந்தது.

மொழிப் பிரச்சினையும் இதனோடு சேர்ந்தது. 1981இல் கோகாக் குழு, பள்ளிகளில் கன்னடத்திற்கு முதலிடம் அளிக்கப் பரிந்துரைத்தது. அதை ஒட்டி 1982இல் மாநிலமெங்கும் பெருங்கிளர்ச்சி எழுந்தது. மாநில மொழி கற்பது மாநிலத்தில் வாழ்வோர்க்கு இன்றியமையாதது. தொடக்கக் கல்வி தாய்மொழியில் அமைவதும் அவ்வாறே. 1994 அரசாணை முதல் நான்கு வகுப்புகளுக்குத் தாய்மொழி அல்லது கன்னடத்தைப் பயிற்றுமொழியாக வகுத்தது. 2014இல் உச்ச நீதிமன்றம், பயிற்றுமொழியை அரசு கட்டாயப்படுத்த இயலாது எனத் தீர்ப்பளித்தது. தங்க வயலின் பெற்றோர் இவ்விரண்டுக்கும் காத்திராமல் ஆங்கில வழிப் பள்ளிகளை நாடத் தொடங்கியிருந்தனர். வேலை சுரங்கத்தில் இல்லை, வெளியூரில்தான் என்பது அவர்களுக்கு முன்னரே தெரிந்துவிட்டது போலும்.

2001 பிப்ரவரி இறுதியில் சுரங்கம் மூடப்பட்டது. கம்பெனி அளித்த வசதிகள் ஒவ்வொன்றாக மங்கின. ஊதியம் நின்ற வீடுகளில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமே முதலில் வெட்டப்படும் செலவாகும். அந்நிலையில் அரசுப் பள்ளி ஒன்றே அவர்களுக்கு எஞ்சிய வழி. 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் கல்வியை உரிமையாக்கிய 2009ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரலில்; அதாவது சுரங்கம் மூடி ஒன்பது ஆண்டுகள் கழித்து. இடைப்பட்ட அந்த ஒன்பது ஆண்டுகளில் பள்ளி வயதைக் கடந்துவிட்ட பிள்ளைகளுக்கு அச்சட்டம் உதவவில்லை.

பெங்களூர்ப் பல்கலைக் கழகம் பிரிக்கப்பட்டு, 2017இல் பெங்களூர் வடக்குப் பல்கலைக் கழகம் கோலாரை அடுத்த டமகாவில் அமைந்தது. தங்க வயலிலிருந்து அது ஏறத்தாழ 30 கிலோமீட்டர். மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் பெங்களூருக்குப் புறப்படும் ரயிலில், வேலைக்குச் செல்லும் தந்தையரோடு கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகளும் நாள்தோறும் பயணம் செய்கின்றனர்.