விபத்துக்குப் பின் ஒரு சாட்சி: காரில் உள்ள பதிவுக் கருவி

செகந்திராபாத்தை ஒட்டிய லாலாகுடா, இரயில்வே தொழிலுக்கு நெடுங்காலமாகப் பெயர் பெற்ற இடம். நிஜாம் இரயில்வே 1893-இல் அங்கு நிறுவிய பணிமனை இன்று தென்மத்திய இரயில்வேயின் பெட்டிகளைச் செப்பனிட்டு வருகிறது. மின்சார எஞ்சின்களைப் பராமரிக்கும் ஷெட் ஒன்றும் அங்கு உண்டு. அங்கு வந்து சேரும் எஞ்சின் தன் பயணத்தின் வரலாற்றையும் உடன் கொண்டு வருகிறது. முற்காலத்தில் வேகமானியோடு இணைந்த காகிதச் சுருளில் ஊசி கோடு வரைந்தது. இன்று அப்பணியை மின்னணு நினைவகம் செய்கிறது. வேக வரம்பு மீறப்பட்டதா, பிரேக் முறையாகக் கையாளப்பட்டதா என்பதை ஆய்வாளர்கள் இப்பதிவுகளிலிருந்து கண்டறிகின்றனர். விபத்து நேராதபோதும் பதிவைப் படிப்பது இரயில்வேயின் வழக்கம்.

இதனையொத்த கருவி இன்று மோட்டார் கார்கள் பலவற்றிலும் அமைந்துள்ளது. ஆனால் அதன் பதிவைப் படிக்கும் பழக்கம் நம் சாலைகளில் இன்னும் வேரூன்றவில்லை.

தேவை என்ன?

2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நேர்ந்தன. 1,68,491 பேர் உயிரிழந்தனர். ஒவ்வொரு விபத்திற்குப் பின்னும் தவறு யாருடையது என்ற கேள்வி எழுகிறது. இழப்பீடும் தண்டனையும் பெரும்பாலும் அதன் விடையைப் பொறுத்தவை. உயிர் தப்பியவர் தம் தரப்பைக் கூறலாம். இறந்த ஓட்டுநருக்காகப் பேசுவார் இல்லை. சக்கரம் தேய்ந்த தடத்தைக் கொண்டு வேகத்தைக் கணிப்பது பழைய முறை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு உள்ள கார்களில் அத்தடம் தெளிவாக விழுவதில்லை.

இயங்கும் முறை

காற்றுப்பையை விரியச் செய்யும் கட்டுப்பாட்டுப் பெட்டியிலேயே இப்பதிவுக் கருவி பொதுவாக அடங்கியுள்ளது. கார் ஓடும்போது கடைசிச் சில விநாடிகளின் விவரங்கள் நினைவகத்தில் எழுதப்படுவதும், பழையன அழிக்கப்படுவதும் தொடர்ந்து நடைபெறுகின்றன. மோதலின்போது வேகம் திடீரெனக் குறைந்தால், அந்த விவரங்கள் நிலையாகப் பதிந்துவிடுகின்றன. அமெரிக்க விதிப்படி, 150 மில்லி விநாடிக்குள் மணிக்கு 8 கிலோமீட்டர் அளவுக்கு வேகம் மாறுவது பதிவைத் தொடங்கும் எல்லையாகும். வாகன வேகம், பிரேக்கின் நிலை, முடுக்கியின் நிலை, இருக்கைப் பட்டை அணியப்பட்டதா, காற்றுப்பை எப்போது விரிந்தது ஆகியவை பதிவாகின்றன. உரையாடலையோ, ஓட்டுநரின் பெயரையோ இக்கருவி பதிவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு

இரவில் சாலையில் நின்றிருந்த லாரியின் மீது ஒரு கார் மோதுவதாகக் கொள்வோம். காரின் வேகம் மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 20 மீட்டர். மோதலுக்கு 1.5 விநாடி முன்பு பிரேக் மிதிக்கப்பட்டதாகவும், மோதும்போது வேகம் ஏறத்தாழ 34 கிலோமீட்டராகக் குறைந்திருந்ததாகவும் பதிவு காட்டுகிறது. ஆகவே, ஓட்டுநர் உறங்கிவிட்டார் என்ற கூற்று நிற்காது. ஆபத்தைக் கண்டு காலை எடுத்து வைக்க 1.5 விநாடி ஆகும் எனக் கொண்டால், அவர் லாரியைக் கண்டது சுமார் 52 மீட்டர் தொலைவில். அதே தொலைவில், 54 கிலோமீட்டர் வேகத்தில் வந்திருந்தால் கார் 39 மீட்டருக்குள் நின்றிருக்கும். ஒரே பதிவு ஓட்டுநரைப் பழியிலிருந்து காக்கிறது. மிகுவேகத்தின் விளைவையும் காட்டுகிறது.

வரம்புகள்

லாரியின் பின்விளக்கு எரிந்ததா என்பதை இப்பதிவு சொல்லாது. சக்கரம் வழுக்கினால், பதிவான வேகம் உண்மை வேகத்தினின்று வேறுபடலாம். பாதசாரியின் மீது மோதும்போது காரின் வேகம் அதிகம் குறைவதில்லையாதலால், பதிவு தொடங்காமலே போகக்கூடும். ஆகவே சாட்சிகளின் கூற்றையும் இட ஆய்வையும் விலக்கிவிட்டு இதை மட்டும் நம்புதல் கூடாது.

சட்டமும் நடைமுறையும்

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் புதிய கார்கள் அனைத்திலும் இக்கருவி கட்டாயமாகியுள்ளது. அமெரிக்காவில் 2015-ஆம் ஆண்டுச் சட்டம், பதிவு வாகன உரிமையாளருக்கே சொந்தம் என அறிவித்தது. நம் நாட்டில் சென்னை ஐ.ஐ.டி.யும் தேசிய தகவலியல் மையமும் உருவாக்கிய ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளத்தில், விபத்து இடத்திலிருந்தே காவல்துறையினர் விவரங்களைப் பதிகின்றனர். மனிதர் எழுதும் அக்குறிப்புடன் கார் எழுதிய குறிப்பும் சேருமாயின் உண்மை தெளிவுபெறும்.

அதற்கு மூன்று ஏற்பாடுகள் வேண்டும். முதலாவது, எந்த நிறுவனத்தின் காராயினும் பதிவை ஒரே முறையில் எடுத்துப் படிக்க வகைசெய்யும் தரநிர்ணயம். இரண்டாவது, மாவட்டந்தோறும் பயிற்சி பெற்ற ஆய்வாளர்; அவர் வரும்வரை, கார் பழைய இரும்புக் கடைக்குச் செல்லாமல் காக்கும் விதி. மூன்றாவது, யார், எப்போது, எதற்காகப் பதிவைப் பெறலாம் என்பதை வரையறுக்கும் சட்டம். உரிமையாளரின் அந்தரங்கத்திற்கு உறுதி இல்லையெனில் மக்கள் இதனை ஒற்றனாகவே கருதுவர்.

இரயில்வே கற்றுத்தரும் பாடம் எளியது: பதிவு செய்வதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது, பதிவைப் படித்துத் திருந்துவதால்தான் வருகிறது. லாலாகுடாவில் எஞ்சினுக்குக் கிடைக்கும் கவனம், அதே ஊரின் சாலையில் ஓடும் காருக்கும் கிடைத்தல் வேண்டும்.