டேப்லட்டில் படம் ஏற்றி வைக்கும் முறை

முந்திரி துளிர்விட்டுப் பூக்கும் பருவத்தில், தேயிலைக் கொசு என்று வழங்கும் நாவாய்ப்பூச்சி தோப்பில் புகுந்துவிட்டால், இளந்தளிரும் பூங்கொத்தும் கருகுவதற்கு நெடுநாள் வேண்டுவதில்லை. அப்பூச்சி எவ்வாறிருக்கும், அது குத்திச் சாறு உறிஞ்சிய இடம் எவ்விதம் கறுக்கும், மருந்தடிக்கத் தக்க தருணம் எது என்பவற்றை இரண்டு பக்கம் எழுதி விளக்குவதைக் காட்டிலும், ஐந்து நிமிடப் படமொன்றால் எளிதில் காட்டிவிடலாம். வரதராஜன்பேட்டையைச் சூழ்ந்துள்ள முந்திரித் தோப்புகளில் பாடுபடும் உழவர்க்கு இத்தகைய படம் தேவைப்படும் இடம் தோப்புத்தான். வீட்டுத் திண்ணை அன்று. டவர் கிட்டாத மரநிழலிலோ படம் ஓடாது. திரையில் வட்டம் சுழன்றுகொண்டே இருக்கும். ஒரு நாளைக்கென்று கிடைத்த டேட்டா நண்பகலுக்குள் தீர்ந்துபோவதும் உண்டு.

நெசவாளர் நிலையும் ஏறக்குறைய இதுவே. உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் பக்கங்களில் தறியில் அமர்ந்திருப்பவர், ஜக்கார்டு அட்டை கோக்கும் முறையையோ, அறுந்த பாவு இழையை விழுதின் வழியே மீண்டும் எடுத்துப் பிணைக்கும் முறையையோ ஒரே முறை பார்த்து மனத்தில் கொள்ள இயலாது. நிறுத்தி, பின்னே தள்ளி, பத்து முறை பார்த்தல் வேண்டும். பத்து முறையும் இணையத்திலிருந்தே வரவழைத்துப் பார்ப்பது, தாகமெடுக்கும்போதெல்லாம் ஏரிக்குப் போய்வருவதை ஒக்கும். குடத்தில் மொண்டு வீட்டில் வைத்துக்கொள்ளும் வழியை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

படம் தானே கிராமத்தைத் தேடி வந்த காலம் ஒன்றிருந்தது. மத்திய சர்க்கார் 1948ஆம் ஆண்டில் பிலிம்ஸ் டிவிஷன் என்னும் பிரிவை நிறுவிச் செய்திப்படங்களையும் விளக்கப்படங்களையும் எடுக்கலாயிற்று. 1953ஆம் ஆண்டில், ஐந்தாண்டுத் திட்டத்தை மக்களுக்கு விளக்கும்பொருட்டுக் களவிளம்பரப் பிரிவுகள் ஏற்பட்டன. அவற்றின் வண்டிகள் புரொஜெக்டரும் திரையும் ஒலிபெருக்கியும் சுமந்து ஊர் ஊராகச் சென்றன. (பிலிம்ஸ் டிவிஷன் 2022ஆம் ஆண்டில் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டுவிட்டது.) ஊர்ப் பொதுவிடத்தில் திரை கட்டிப் படம் காட்டியதனால் விளைந்த நன்மை சிறிதன்று. எனினும் வண்டி புறப்பட்டதும் படமும் புறப்பட்டுவிட்டது. ஐயம் தோன்றிய நாளில் அதைத் திரும்பக் காண வழியில்லை.

இக்குறையை நீக்கும் முயற்சியொன்று 2006ஆம் ஆண்டில் நம் அண்டை இராஜ்யமான கர்நாடகத்தில் தொடங்கிற்று. பெங்களூரிலுள்ள மைக்ரோசாப்ட் ஆராய்ச்சிக்கூடத்தில் ரிக்கின் காந்தி என்பவர் முன்னின்று நடத்திய அத்திட்டத்திற்கு டிஜிட்டல் கிரீன் என்று பெயர். பேராசிரியரைப் படம் பிடிக்காமல், அவ்வட்டாரத்து உழவர்களையே அவர்களுடைய நிலத்தில் நிறுத்திப் படம் பிடித்தார்கள். அப்படங்களை இணையமில்லாத கிராமங்களுக்கு வட்டுகளில் எடுத்துச் சென்று, சிறு கூட்டங்களில் தொலைக்காட்சிப் பெட்டி வைத்துக் காட்டினார்கள். பின்னாளில் மின்கலத்தால் இயங்கும் கையடக்கப் புரொஜெக்டரும் வந்தது. வழக்கமான விரிவாக்கப் பணியோடு ஒப்பிடும்போது, செலவிட்ட பணத்துக்கு ஏறக்குறைய பத்து மடங்கு பயன் கிட்டியதாக அக்காலத்து ஆய்வு கூறுகிறது. படத்தில் தோன்றுகிறவர் எந்த ஊர்க்காரர் என்பதை முதலில் தெரிந்துகொள்ள உழவர்கள் விரும்பினார்களாம். அது இயற்கைதானே!

நம் தமிழ்நாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. கொரோனா நோயினால் பள்ளிகள் மூடிக்கிடந்த 2020ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களை அரசு கொடுத்த மடிக்கணினியுடன் பள்ளிக்கு வரச்செய்து, பாடப் படங்களை அதில் ஏற்றி அனுப்பினார்கள். வீட்டில் இணையம் இல்லாத பிள்ளையும் பாடம் கேட்க முடிந்தது. ஓரிடத்தில் ஒரு முறை ஏற்றிப் பல இடங்களில் பல முறை காண்பது என்னும் இந்த வழி, கூட்டுறவுக்கு முற்றிலும் ஏற்றதென்பது நம் கருத்து. நூலையும் உரத்தையும் மொத்தமாக எடுத்துப் பங்கிடும் சங்கம் படத்தையும் அவ்வாறு பங்கிடலாம்.

நிற்க. இனி முறைக்கு வருவோம்.

“படத்தைச் சேமித்துவிட்டேன்” என்று ஒருவர் சொல்லும்போது, அச்சேமிப்பு இருவகைப்படும் என்பதை முதலில் அறிதல் வேண்டும். ஒன்று, படம் காட்டும் ஆப்புக்கு உள்ளேயே சேமிப்பது. யூடியூப் நிறுவனம் 2014ஆம் ஆண்டு டிசம்பரில் இவ்வசதியை இந்தியாவில் தொடங்கியபோது, அவ்வாறு சேமித்த படம் 48 மணி நேரம் மட்டுமே நிலைத்தது. கட்டணம் செலுத்திப் பார்க்கும் பிற ஆப்புகளிலும் கெடு உண்டு. சிலவற்றில் பார்க்கத் தொடங்கிய இரண்டு நாளில் படம் மறைந்துவிடும். சிலவற்றில் குறித்த காலத்துக்கு ஒரு முறை இணையத்தோடு தொடர்புகொண்டால்தான் படம் திறக்கும். அப்படத்தை இன்னொரு டேப்லட்டுக்கு மாற்றவும் இயலாது. பெட்டி நம் வீட்டில் இருக்கிறது. சாவி கம்பெனியிடம் இருக்கிறது. பிரயாணத்தில் பொழுதுபோக்காகச் சினிமாப் பார்க்க இதுவே போதும். தோப்புக்கும் தறிக்கும் இது உதவாது.

மற்றொன்று, படத்தைத் தனிக் கோப்பாகப் பெற்று வைத்துக்கொள்வது. கோப்பின் பெயர் பெரும்பாலும் எம்.பி.4 என்று முடியும். இதற்குக் கெடுவில்லை, எத்தனை டேப்லட்டிலும் ஓடும். நம் சங்கத்தார் நாடவேண்டுவது இதனையே. இதைப் பெறும் வழி, படம் எடுத்தவர்களைக் கேட்பதுதான். சோழமாதேவியிலுள்ள வேளாண் அறிவியல் மையம், முந்திரியில் வி.ஆர்.ஐ. 3 முதலிய இரகங்களை வெளியிட்ட விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம் ஆகியவை நமக்கு அண்மையில் உள்ளவை. அங்கே வேண்டிய படம் இருப்பின், இணைய முகவரியை மட்டும் வாங்கி வராமல், பென்டிரைவ் ஒன்றைக் கொண்டுபோய்க் கோப்பாகவே தரும்படி கேட்டல் நலம். அக்சஸ் அக்ரிகல்ச்சர் என்னும் அமைப்பு 2012 முதல் உழவர் பாடப் படங்களைப் பல மொழிகளில் வெளியிட்டு வருகிறது. தமிழில் பேசுவனவும் அவற்றுள் உண்டு. இறக்கி எடுத்துக்கொள்ள அவர்களே இடமளித்திருக்கிறார்கள்.

கோப்பின் பருமனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். பெரும்பாலோர் இடர்ப்படுவது இங்கேதான். படத்தின் நுணுக்கத்தை 480, 720, 1080 என்னும் எண்களால் குறிப்பார்கள். எண் ஏற ஏறப் படம் தெளியும், கோப்பும் பருக்கும். 480 அளவுள்ள படம், நொடிக்குப் பத்து இலட்சம் பிட் வீதம் அமைந்திருந்தால், நிமிடத்துக்கு 7½ எம்.பி., மணிக்கு 450 எம்.பி. ஆகும். 720 அளவுக்கு அதைப்போல் இரண்டரை மடங்கும், 1080 அளவுக்கு ஐந்து மடங்கும் வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆகவே பத்து நிமிடப் பாடமொன்று 480 அளவில் 75 எம்.பி.; இரண்டரை மணி நேரச் சினிமா 1,100 எம்.பி.க்குச் சற்று மேல்.

எதைக் காணப்போகிறோம் என்பதே அளவைத் தீர்மானிக்கவேண்டும். கடன் விதிகளை ஒருவர் நின்று விளக்கும் படத்துக்கு 480 அளவு ஏராளம். காதால் கேட்பதே அதில் பெரும்பகுதி. மரத்தின் அடியில் தண்டுத் துளைப்பான் இட்ட துளையைக் காட்டும் படத்துக்கு 720 வேண்டும். பாவும் ஊடையும் மாறிப் பின்னும் இடத்தை அண்மையில் காட்டும் நெசவுப் படத்தில் இழை இழையாகத் தெரியாவிட்டால் அதனால் பயனே இல்லை. அங்கே 1080 ஆயினும் தகும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பும்போது படம் சுருக்கப்படுகிறது. கைமாறிக் கைமாறி வந்த நெசவுப் படத்தில் நூலெல்லாம் குழம்பாகித் தோன்றுவதன் காரணம் இதுவே. அவ்வழியில்தான் அனுப்பியாக வேண்டுமென்றால், வீடியோவாக அனுப்பாமல் ‘டாக்குமெண்ட்’ என்னும் வகையில் அனுப்பினால் படம் உள்ளபடியே போய்ச் சேரும். பெரிய படத்தைச் சிறிதாக்கவேண்டுமாயின், சங்கக் கணினியில் ஹாண்ட்பிரேக் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு செய்யலாம். சிறிதாக்கிய படத்தை மீண்டும் பெரிதாக்கித் தெளிவு காண முடியாதாகையால், மூலக் கோப்பைக் கணினியில் அழிக்காது வைத்திருப்பது அவசியம்.

டேப்லட்டில் 32 ஜி.பி. என்று எழுதியிருந்தாலும் அவ்வளவும் நமக்குக் கிடைக்காது. அதன் சொந்த மென்பொருளே ஒரு பகுதியை அடைத்துக்கொள்ளும். எனவே தனியாக மெமரி கார்டு போடுவது நல்லது. 64 ஜி.பி. கார்டில், 480 அளவுப் படங்கள் 130 மணி நேரத்துக்குக் குறையாமல் கொள்ளும். ஆனால் இரண்டு செய்திகளைக் கவனித்தல் வேண்டும். 32 ஜி.பி. வரையுள்ள கார்டுகள் ஃபேட்32 என்னும் முறையில் அமைந்து வருகின்றன. அம்முறையில் ஒரு தனிக் கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்டக் கூடாது. தாண்டினால், கார்டில் இடம் இருந்தும் ஏறாது. 64 ஜி.பி. முதலானவை வேறு முறையில் வருவதால் இத்தொல்லை இல்லை. ஆயினும் சில பழைய டேப்லட்டுகள் அவற்றைப் படிப்பதில்லை. மற்றொன்று, சந்தையில் மலிவாகக் கிடைக்கும் போலிக் கார்டுகள். மேலே 64 என்று அச்சிட்டிருக்கும். உள்ளே எட்டுக்கூட இராது. ஏற்றும்போது எல்லாம் ஏறியதாகவே காட்டும், திறந்தால் திறவாது. புதுக் கார்டு வாங்கியதும் அதை நிரம்ப ஏற்றி, கடைசியில் ஏற்றிய படத்தை ஓட்டிப் பார்த்துவிடுவதே இதற்குச் சோதனை.

ஏற்றும் வேலை மிக எளிது. டேப்லட்டைக் கேபிளால் கணினியோடு இணைத்தோ, கார்டைக் கழற்றிக் கணினியில் செருகியோ கோப்பை நகலெடுக்கலாம். கணினி இல்லாதவர் ஓ.டி.ஜி. என்னும் சிறு இணைப்பைக்கொண்டு பென்டிரைவிலிருந்து நேரே எடுக்கலாம். ஐபேடில் கார்டு போட இடமில்லை; அதற்குக் கேபிளோ வைஃபையோ வேண்டும். படத்தை ஓட்டுவதற்கு, பாரிஸ் நகரத்து மாணவர் முயற்சியாகத் தோன்றிய வி.எல்.சி. என்னும் இலவச ஆப் போதும். அனேகமாக எல்லா வகைக் கோப்பையும் அது ஓட்டும். ஒலி வந்து படம் திக்கித் திக்கி நின்றால், கோப்பு எச்.265 என்னும் புதிய முறையில் சுருக்கப்பட்டிருக்கலாம். பழைய டேப்லட்டுக்கு எச்.264 முறையே உகந்தது. தமிழில் எழுத்துவரிகள் தனிக் கோப்பாக வரின், அதற்குப் படத்தின் பெயரையே இடவேண்டும், யு.டி.எஃப்.8 முறையில் அதைச் சேமித்திராவிட்டால் தமிழுக்குப் பதில் புரியாத குறிகளே தோன்றும்.

இவ்வளவும் செய்தபின் ஒரு சோதனை உண்டு. இதை மட்டும் விடாது செய்யும்படி அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். டேப்லட்டைப் பிளைட் மோடில் வைத்து, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பார்த்துப் படத்தை ஓட்டவேண்டும். தொடக்கத்தில் சிறிது, நடுவில் சிறிது, முடிவில் சிறிது பார்த்தால் போதும். அங்கே ஓடிய படம் எங்கேயும் ஓடும். வீட்டில் வைஃபை இருக்கும்போது ஓடியதை நம்பித் தோப்புக்குப் போனவர், அது இணையத்திலிருந்து ஓடிற்றா கார்டிலிருந்து ஓடிற்றா என்பதை அங்கேதான் அறிவார். பிளைட் மோடிலேயே படம் பார்த்தால் மின்கலமும் கூடுதல் நேரம் நிற்கும்.

சட்டத்தைப் பற்றியும் கூறவேண்டும். பாடப் படம் ஏற்றும் அதே கையால் புதுச் சினிமாவையும் ஏற்றித் தரும் கடைகள் ஊருக்கு ஊர் இருந்ததை அறிவோம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி இது குற்றம். 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க அச்சட்டம் இடந்தருகிறது. பிறர் உரிமையை மீறும் நோக்கத்தோடு கம்பெனியின் பூட்டை உடைத்துப் படம் எடுப்பதும் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தண்டனைக்குரியது. திரைப்படத்தின் உரிமை, அது வெளிவந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். 1952இல் வெளிவந்த பராசக்திக்கு அது 2012ஆம் ஆண்டோடு முடிந்தது. ஆனால் கதை, வசனம், பாட்டு இவற்றின் உரிமை தனி. இயற்றியவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை அது இருக்கும். ஆகையால் பழைய படந்தானே என்று எண்ணிச் சங்கத்தின் பெயரால் நகலெடுப்பது தகாது. ஒருவர் தம் வீட்டில் காண்பது வேறு, சங்கக் கட்டடத்தில் கூட்டம் கூட்டிக் காட்டுவது வேறு. பாடப் படமேயாயினும், எடுத்தவரிடம் இரண்டு வரி எழுத்தில் அனுமதி பெற்றுக் கோப்பில் வைத்திருத்தல் நன்று.

பத்து அங்குலத் திரையை ஐந்தாறு பேருக்கு மேல் சூழ்ந்து பார்க்க முடியாது. வெயிலில் திரை தெரியாது; நிழலில் அமரவேண்டும். காற்று வீசும் தோப்பில் டேப்லட்டின் குரல் எட்டாதாகையால், சிறு ஸ்பீக்கர் ஒன்றை உடன் கொண்டுபோகலாம். படத்தை ஒரே மூச்சில் ஓட்டி முடிக்காமல், விவரம் தெரிந்த ஒருவர் இடையிடையே நிறுத்தி, “உங்கள் மரத்தில் இப்படிக் கண்டதுண்டா, அண்ணே?” என்று கேட்கவேண்டும். கர்நாடகத்து உழவர்களிடம் படம் பலித்ததற்குப் படத்தைப் போலவே இவ்வாறு நிறுத்திக் கேட்டவரும் காரணம். துளிர்க் காலத்தில் ஒரு முறையும், பூக்கும்போது ஒரு முறையும், பிஞ்சு பிடிக்கும்போது ஒரு முறையுமாக மருந்தடிக்கும் நாட்கள் வருவதால், மார்கழி பிறப்பதற்கு முன்பே கார்டுகளை ஏற்றிச் சோதித்து, எவரிடம் எந்தக் கார்டு போயிற்று என்பதைச் சங்கப் பதிவேட்டில் குறித்துக்கொள்ள வேண்டும்.